காளைக்கு எதற்குப் பரிசு? பொறியியல் தொழில்முனைவோருக்கான போட்டியும் வழிகாட்டுதலும்: ஓர் எளிய விளக்கம்

பொங்கல் கழிந்ததும் எங்கள் வேலூர்ப் பக்கம் எருது விடும் விழா தொடங்கிவிடும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி இங்கே காளையை யாரும் கட்டித் தழுவி அடக்குவதில்லை. தெருவின் இருபுறமும் கம்பு கட்டி, நடுவில் காளையை ஓட விடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. குறைந்த நேரத்தில் ஓடிய காளைக்கு முதல் பரிசு.

வெளியூர் நண்பர் ஒருவரை ஒருமுறை விழாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு ஒரே சந்தேகம். "வருஷம் பூரா பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, ஆள் கூலின்னு கொட்டறாங்க. முதல் பரிசே வாங்கினாலும் கட்டுப்படி ஆகாதே?" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "பரிசுப் பணத்துல தீனி வாங்கவா மாடு வளக்கறோம்? நாளைக்கு இந்த மாட்டுக்கு என்ன வெல கேக்கறாங்கன்னு வந்து பாருங்க."

புதிதாகத் தொழில் தொடங்கும் பொறியாளர்களுக்கு நடத்தும் பரிசுப் போட்டிகளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பெரியவர் நினைவுக்கு வருவார். இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், ஆனால் ஏறக்குறைய எல்லோரும் பணத்தையே பார்க்கிறார்கள்.

ஒரே பெயரில் மூன்று சங்கதி

கல்லூரி முடித்த இரண்டு பிள்ளைகள் ஒரு கருவி செய்து, போட்டியில் ஜெயித்து, செய்தித்தாளில் படம் வந்துவிட்டால் காட்பாடி டீக்கடையில் இரண்டு விதமாகப் பேச்சு நடக்கும். "கொடுத்து வெச்சவனுங்க, லட்சக்கணக்குல அடிச்சிடுச்சு" என்பார் ஒருவர். "எல்லாம் போட்டோவுக்குத்தான். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சென்னையில ஐ.டி. கம்பெனியில இருப்பானுங்க" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொல்வது பல நேரம் பலித்தும் விடுகிறது. ஏன் என்று கேட்க மட்டும் யாருமில்லை.

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. முடித்த வேலையைப் பாராட்டிக் கொடுப்பது விருது. இன்ன வேலையை இன்ன செலவில் செய்கிறேன் என்று எழுதிக்கொடுத்து, அதற்காக வாங்கும் திருப்பிக் கட்ட வேண்டாத பணம் மானியம். தொடக்கநிலைப் போட்டிப் பரிசு இந்த இரண்டிலும் சேராது. வேலை பாதியில் நிற்கும்போது, பலரில் சிலரைப் பொறுக்கியெடுத்து, "இவர்களை மேலே ஏற்றிப் பார்க்கலாம்" என்று நாலு பேர் அறியச் சொல்வது அது. ஊர்ப்பேச்சில் மூன்றையும் பரிசு என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் ஜெயித்த பிள்ளைகளிடம் "சாதிச்சுட்டீங்க" என்கிறோம். அவர்களுக்கு வேலையே அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

நாற்றங்காலிலிருந்து வயலுக்கு

வேலூர் முள்ளுக்கத்தரி போட்ட விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும். நாற்றங்காலில் நாற்று பச்சைப்பசேல் என்று நிற்கும். நிழல் உண்டு, பூவாளியில் தண்ணீர் உண்டு. அதைப் பிடுங்கி வயலில் நட்டு, வேர் பிடிக்கும் வரையிலான சில நாள்தான் கண்டம். அங்கே வாடிவிட்டால் நாற்றங்காலில் எவ்வளவு செழிப்பாக இருந்தது என்று சொல்லிப் பயனில்லை.

கருவிக்கும் அப்படி ஒரு நடவு இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் மேசைமேல் ஓடும் முதல் வடிவத்தை முன்மாதிரி என்கிறோம். அது ஓடுகிறது என்பதால் கருத்து சரி என்பது மட்டும்தான் தெரியும். தொழிற்சாலைத் தூசியில், மே மாத வேலூர் வெயிலில், கரண்ட் ஏறி இறங்கும் லைனில், அதைச் செய்தவர் பக்கத்தில் இல்லாதபோதும் ஓடினால்தான் அது பண்டம்.

இந்தத் தூரத்தை அளக்க அமெரிக்காவின் நாசா ஒன்பது படி கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. தொழில்நுட்பத் தயார்நிலை என்று அதற்குப் பெயர், சுருக்கமாக டிஆர்எல். முதல் படியில் அடிப்படைக் கருத்து மட்டும் இருக்கும். நான்காம் படியில் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. ஆறாம் படியில், அது பயன்படப்போகும் சூழலுக்கு நெருக்கமான இடத்தில் ஓட்டிக் காட்டியாகிவிட்டது. ஒன்பதாம் படியில் அன்றாடப் புழக்கத்துக்கே வந்துவிட்டது.

சிக்கல் நடுவில் இருக்கிறது. நான்காம் படி வரை கல்லூரி பார்த்துக்கொள்ளும். ஏழெட்டைத் தாண்டினால் வாங்குபவர் வருவார், வங்கியும் பேசும். இடைப்பட்ட படிகளில் இருப்பவரிடம் வங்கி அடமானம் கேட்கிறது, முதலீட்டாளர் வாடிக்கையாளர் பட்டியல் கேட்கிறார், கல்லூரி "உங்க புராஜெக்ட் முடிஞ்சிடுச்சே" என்கிறது. இந்தப் பள்ளத்துக்கு மரணப் பள்ளத்தாக்கு என்று தொழில் உலகில் பெயர். கைபேசிச் செயலி செய்பவருக்கும் பள்ளம் உண்டு, ஆனால் அவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பைத் திருத்திவிடலாம். பொறியியல் பண்டம் செய்பவர் தப்பைத் திருத்த லேத் பட்டறைக்குப் போக வேண்டும், அச்சு வார்க்க வேண்டும், உதிரிபாகம் வரக் காத்திருக்க வேண்டும். அவருக்குப் பள்ளம் ஆழமும் அகலமும் அதிகம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முன்மாதிரி வேறு, பண்டம் வேறு. இரண்டுக்கும் நடுவே பணமும் ஆளும் கிடைக்காத ஒரு நீளமான இடம் இருக்கிறது. பரிசும் வழிகாட்டுதலும் அந்த இடத்துக்கானவை.

டிரம்முக்குள் ஒரு கம்பி

இப்படியே பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் புரியாது. ஒரு கற்பனைக் கதையாகப் பார்ப்போம். தொழில் மட்டும் நிஜம்.

ராணிப்பேட்டைப் பக்கம் இரண்டு நண்பர்கள். ஒருவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், இன்னொருவர் கெமிக்கல். தோல் பதனிடும் மர டிரம்முக்குள் கண்ணாடி முனை வைத்த கம்பியை விட்டு, அங்கிருக்கும் கரைசலின் அமிலத்தன்மையை, அதாவது பிஹெச் அளவை, நொடிக்கு நொடி கைபேசியில் காட்டும் கருவி செய்கிறார்கள்.

டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், இன்றைக்கு அதை எப்படிப் பார்க்கிறார்கள்? டிரம்மை நிறுத்தி ஒரு தோலை இழுத்து, தடித்த இடத்தில் கத்தியால் சின்னத் துண்டு அறுப்பார்கள். அறுபட்ட விளிம்பில் புரோமோகிரசால் கிரீன் என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விடுவார்கள். தோலைப் பதப்படுத்தும் குரோமியம் போடுவதற்கு முந்தைய அமிலக் கட்டத்தில் விளிம்பு முழுக்க மஞ்சளாக இருக்க வேண்டும். குரோமியம் ஏறி, அமிலத்தைத் தணிக்கும் காரம் கொடுத்து முடித்தபின் அதே விளிம்பு பச்சைக்குத் திரும்பும். கடைசியில் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் பதம் வந்துவிட்டது. காரத்தை அவசரப்பட்டுக் கொடுத்தால் குரோமியம் தோலின் மேலேயே படிந்து சொரசொரத்துவிடும். போதாமல் கொடுத்தால் சரியாகப் பிடிக்காமல் கழிவுநீரோடு போகும். வழக்கமான முறையிலேயே போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் தங்காமல் போய்விடுகிறது.

நண்பர்களின் கருவி ஆய்வகத்தில் கனகச்சிதமாக ஓடுகிறது. கண்ணாடிக் குடுவை, சுத்தமான கரைசல், ஆடாத மேசை. டிஆர்எல் நான்கு. ஒரு போட்டிக்கு விண்ணப்பிக்கிறார்கள், முதல் சுற்றில் தேறுகிறார்கள். போட்டி நடத்துபவர்கள், நாற்பது வருஷம் டேனரியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுகிறார்கள். அவர் கருவியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிறார்.

"தம்பி, இது எதோட பிஹெச்சைக் காட்டுது?"

"டிரம்முக்குள்ள இருக்கற தண்ணியோடது, பாய்."

"தண்ணி பதமாகி எனக்கு என்ன ஆகணும்? தோலுக்குள்ள ஏறிச்சான்னு பாக்கத்தானே அறுத்துப் பாக்கறோம்?"

நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியே இருக்கும் கரைசலின் அளவும் தோலின் நடுத்தடிமனில் இருக்கும் அளவும் ஒன்றல்ல. ஆறு மாதமாக அவர்கள் அளந்துகொண்டிருந்தது வேறொன்றை. பெரியவர் நிறுத்தவில்லை. "டிரம் சுத்துமே, இந்தக் கண்ணாடி முனை எத்தனை ரவுண்டு தாங்கும்? ஒயரை எங்க கட்டுவே?" அவரே யோசனையும் சொல்கிறார். டிரம்மின் அச்சு உள்ளே துளையுள்ளது, ரசாயனம் ஊற்றுவதே அதன் வழியாகத்தான். கரைசலைக் கொஞ்சம் அந்த வழியாக வெளியே இழுத்து, அளந்து, திரும்ப உள்ளே விட முடியாதா? அப்புறம், அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். "நைட் ஷிஃப்ட்ல காரத்தை ஒரே மூச்சுல ஊத்திட்டு ஒருத்தன் தூங்கிடுவான். அதைக் காட்டிக்குடுத்தா போதும், முதலாளி காசு குடுப்பார்."

அரை மணி நேரம் ஆகியிருக்காது. கருவியின் வடிவம் மாறிவிட்டது, அது எதற்கு என்பது மாறிவிட்டது, அதை யார் வாங்குவார் என்பதும் தெரிந்துவிட்டது. இதற்கு எந்தக் காசோலையும் ஈடில்லை.

பரிசு என்ன வேலை பார்க்கிறது

பணத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் நிறைய இருக்கிறது.

முதலாவது முத்திரை. புதுக் கருவியோடு வரும் இரண்டு பையன்களை ஒரு டேனரி முதலாளிக்கு எடைபோடத் தெரியாது. அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. துறை தெரிந்த ஐந்து பேர் நூறு விண்ணப்பத்தை அலசி இவர்களை எடுத்திருக்கிறார்கள் என்றால், அவர் செய்ய வேண்டிய சலித்தெடுக்கும் வேலையை வேறொருவர் செய்து முடித்துவிட்டார் என்று பொருள். காளைக்கு விலை ஏறுவதும் இப்படித்தான். வாங்குபவர் ஓட்டத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம்.

அடுத்தது கெடு. தேதி குறித்தால்தான் கல்யாண வேலை நடக்கும். "பிப்ரவரி 10க்குள் ஓட்டிக் காட்ட வேண்டும்" என்றால்தான், பத்து மாதமாகத் தள்ளிப்போட்ட சர்க்யூட் போர்டு ஒரு வாரத்தில் வந்து சேரும். இதற்கு வெற்றிகூடத் தேவையில்லை. அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான தார்ப்பா, ஓட்டுநர் இல்லாமல் பாலைவனத்தைக் கடக்கும் வண்டிக்கு 2004இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. 15 வண்டிகள் கிளம்பின. எதுவும் எல்லையைத் தொடவில்லை. அதிகத் தூரம் போன வண்டியே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் நின்றுவிட்டது. பரிசு யாருக்கும் போகவில்லை. மறுவருஷம் பரிசை இருமடங்காக்கித் திரும்ப நடத்தினார்கள். ஐந்து வண்டிகள் முழுத் தூரமும் ஓடி முடித்தன. தோற்ற வருஷத்தில் கற்றதுதான் ஜெயித்த வருஷத்தில் ஓடியது.

மூன்றாவது கதவு. நடுவர்கள், ஆய்வகப் பொறுப்பாளர்கள், முன்பு ஜெயித்தவர்கள், அரசு அதிகாரிகள் எல்லோரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். நீங்களாகத் தேடிப் போனால் வாசலிலேயே "அப்பாயிண்ட்மெண்ட் இருக்கா?" என்று கேட்பவர்கள் அங்கே உங்கள் மேசைக்கு வருவார்கள்.

நான் பார்த்த ஒரு போட்டியில் இந்த மூன்றுமே இல்லை. காலையில் பதிவு, மதியம் ஆளுக்கு நான்கு நிமிடம், மாலையில் ஆள் உயரத் தெர்மாகோல் காசோலையோடு படம். நடுவரில் ஒருவர் முழு நேரமும் கைபேசியில் இருந்தார். ஜெயித்த பையனிடம் மூன்று மாதம் கழித்து விசாரித்தேன். பணம் வரவில்லை, அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவுமில்லை. காசோலை அட்டையை அவன் அம்மா பரண்மேல் வைத்திருந்தார். பெயரை விடுங்கள், இந்த மாதிரிப் போட்டியை நாம் எல்லோருமே ஒன்றாவது பார்த்திருப்போம். டீக்கடையின் இரண்டாமவர் இதைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

வழிகாட்டி யார், யார் இல்லை

எங்கள் ஊரில் போர் போடுவதற்கு முன், விவரமான ஆள் பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் நிற்பார். அவர் தேங்காய் உருட்டிப் பார்க்க மாட்டார், வண்டிக்குப் பணமும் தர மாட்டார். "எனக்கு எண்பது அடியில பாறை ஆரம்பிச்சது, நானூறு வரைக்கும் புகைதான் வந்துது, கிழக்கு மூலையில போடு" என்பார். ஏற்கெனவே துளைத்துப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டவர். வழிகாட்டி என்பவர் இவர்தான்.

ஆசிரியர் பாடம் நடத்துவார், ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்து கொடுப்பார், முதலீட்டாளர் பணம் போட்டுப் பங்கு கேட்பார். பங்கு என்றால் கம்பெனியின் உடைமையில் ஒரு பகுதி. வழிகாட்டி இவற்றில் எதையும் செய்வதில்லை. அவர் முக்கியமாகச் செய்வது இரண்டு: நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்பது, உங்களுக்குத் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு "நம்ம பசங்கதான், பத்து நிமிஷம் பேசுங்க" என்பது. இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்கிறோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஒரு தொழிற்சாலைக்குள் சோதனைக்கு இடம் கிடைக்க அந்தப் போன்தான் வேண்டும்.

இது நேற்று வந்த பழக்கமில்லை. 1707இல் இங்கிலாந்துக் கடற்படைக் கப்பல்கள் நான்கு, தாங்கள் கடலில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சில்லித் தீவுகளின் பாறையில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1714இல் அந்நாட்டு நாடாளுமன்றம், நடுக்கடலில் தீர்க்கரேகையை அரை பாகைக்குள் கணிக்கும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன், ஆடும் கப்பலிலும் நேரம் தவறாத கடிகாரம் செய்தால் போதும் என்று நம்பினார். 1730 வாக்கில் லண்டனுக்குப் போய் வானியலாளர் எட்மண்ட் ஹாலியைப் பார்த்தார். ஹாலி, கடிகாரம் உனக்கும் எனக்கும் நடுவில் பேசித் தீராது என்கிற மாதிரி, அவரைக் கடிகார வல்லுநர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். காலை பத்து மணிக்குத் தொடங்கிய பேச்சு இரவு எட்டு மணிக்கு முடிந்தது என்று ஹாரிசனே பின்னாளில் எழுதியிருக்கிறார். கிரஹாம் வட்டியில்லாமல் கடனும் கொடுத்து அனுப்பினார். 1737இல் பரிசுக் குழு முன்பணம் அனுமதித்தது. அதையும் மொத்தமாகக் கொடுக்கவில்லை, 250 பவுண்டு முதலில், மீதி 250 வேலை முடிந்தபின். 1761இல் கிளம்பிய ஜமைக்காப் பயணத்தில் அவருடைய நான்காவது கடிகாரம் சில நொடிகளே பிசகியது. அப்படியும் இழுபறி தீர்ந்து கடைசிப் பணம் கைக்கு வர 1773 ஆகிவிட்டது. எண்பதை எட்டிய கிழவர்.

அறிவிப்பு, அறிமுகம், பத்து மணி நேரப் பேச்சு, தவணை, இழுத்தடிப்பு. இன்றைய போட்டிகளில் உள்ளது எல்லாமே அந்தக் கதையில் இருக்கிறது, இழுத்தடிப்பு உட்பட.

வேலூரிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், பாதத்தில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, உணர்ச்சி இல்லாத பாதம் அழுத்தத்தை அறியாமல் நடப்பதால் என்று காட்டினார். அதற்கு மேல் மருந்தைவிடச் செருப்புக்குத்தான் வேலை. மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடித்தட்டு வைத்த செருப்புகள் அந்த வழியில் வந்தவை. டாக்டருக்கு ரப்பர் தெரியாது, செருப்பு தைப்பவருக்கு நரம்பு தெரியாது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டியிருந்தது.

சுருக்கம்: பரிசு முத்திரையையும் கெடுவையும் கதவையும் தருகிறது. அந்தக் கதவுக்குள் எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கு வழிகாட்டி.

இரண்டையும் முடிச்சுப் போட்டால்

தெர்மாகோல் காசோலைப் போட்டிக்கும் நல்ல போட்டிக்கும் வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. முன்னதில் பரிசு முதலில் வந்து, அதோடு கதை முடிகிறது. நல்ல திட்டத்தில் தேர்வு முதலில், பயிற்சியும் வழிகாட்டுதலும் நடுவில், பரிசு கடைசியில்.

லண்டனிலுள்ள ராயல் அகாடமி ஆஃப் இன்ஜினியரிங் 2014இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பரிசு இதற்கு நல்ல உதாரணம். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் பொறியாளர்கள் விண்ணப்பிக்கலாம். முதல் தேர்வில் வந்தவர்கள் எல்லோருக்கும் மாதக்கணக்கில் தொழில் பயிற்சியும் வழிகாட்டுதலும் நடக்கும், அதற்குப் பிறகுதான் இறுதிச் சுற்று. தொடக்க ஆண்டுகளில் முதல் பரிசு 25,000 பவுண்டு. 2019இல் ஜெயித்தவர் தென்னாப்பிரிக்காவின் நியோ ஹுட்டிரி. காசநோய்க்கு மருந்து வாங்க மருத்துவமனை வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர். அவர் செய்தது பெலிபாக்ஸ் என்ற பெட்டக வரிசை. மாதாமாதம் ஒரே மருந்து வாங்குபவரின் பொட்டலத்தைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அவர் கைபேசிக்கு ரகசிய எண் அனுப்பிவிடுவார்கள். எண்ணை அடித்தால் கதவு திறக்கும். பார்மசி வரிசையில் அரை நாளைத் தொலைத்த வேலூர்க்காரருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது தோற்றவர்கள் கணக்கு. கடைசியில் பணம் ஒருவருக்கோ சிலருக்கோதான். ஆனால் இடையில் நடந்த மாதங்கள் தேர்வான எல்லோருக்கும். நம் கதையின் நண்பர்கள் இறுதிச் சுற்றில் தோற்றாலும், "இது எதோட பிஹெச்?" என்ற கேள்வி அவர்களிடமே இருக்கும்.

நம் பக்கம் என்ன இருக்கிறது

பட்டியல் நீளம். புதிதாக வருபவருக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

இன்குபேட்டர் என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். புது நிறுவனங்களுக்கு இடம், கருவிகள், வழிகாட்டிகள், சட்ட உதவி ஆகியவற்றை ஓரிடத்தில் தரும் வளர்ப்பகம் அது. வேலூரில் வி.ஐ.டி. வளாகத்தில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 2003இலேயே ஒன்று தொடங்கிவிட்டது.

பணத்தைப் படிப்படியாகப் பாருங்கள். ஏட்டில் இருக்கும் யோசனையை முன்மாதிரியாக்க, தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம் இருக்கிறது. முதல் வகையில் 2 லட்சம் ரூபாய் வரை, அடுத்த வகையில் 5 லட்சம் வரை. மத்திய அரசின் நிதி பிரயாஸ் திட்டம் முன்மாதிரிக்கு 10 லட்சம் வரை தருகிறது. 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, இன்குபேட்டர் வழியாக 20 லட்சம் வரை மானியமாகத் தந்தது. அதுவும் மைல்கல்லுக்கு ஒரு தவணை, ஹாரிசனுக்குக் கொடுத்த மாதிரியே. கல்லூரி மாணவர்களுக்கு ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழா என்ற போட்டிகள் உள்ளன. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். விண்ணப்பிக்கும் நாளன்று உள்ள விதியைப் படிக்க வேண்டும், சீனியர் சொன்னதை அல்ல.

படிக்கும்போது மூன்று இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பணம் மானியமா, கடனா, பங்குக்கு ஈடா? மொத்தமாகவா, தவணையாகவா? தேர்வுக்குப் பிறகு எத்தனை மாதம், யார் வழிகாட்டி? மூன்றாவதற்குப் பதிலே இல்லாத அறிவிப்பு என்றால் நான் யோசிப்பேன். நுழைவுக் கட்டணமாக ஆயிரக்கணக்கில் கேட்டால் யோசிக்கவே மாட்டேன், விலகிவிடுவேன்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். காப்புரிமை என்பது புதுக் கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம் வரை மற்றவர் செய்யாமல் தடுக்கும் சட்ட உரிமை. ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அது உலகத்துக்குப் புதியதாக இருக்க வேண்டும். பொது மேடையில் சர்க்யூட்டைத் திரையில் போட்டு விளக்கிவிட்டு, பிறகு காப்புரிமைக்குப் போனால், "ஊருக்கே சொல்லிட்டீங்களே" என்று கைவிரித்துவிடலாம். மேடை ஏறுவதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது. தனிநபரும் ஸ்டார்ட்அப்பும் இணையத்தில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும். வக்கீல் கட்டணம் தனி, அது வக்கீலைப் பொறுத்தது.

யார் காசு கொடுப்பார் என்ற கேள்விக்கும் வட ஆற்காட்டில் ஒரு தனி விடை இருக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் வந்த கேட்டை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. அதன்பிறகு தண்ணீரோடு போகும் குரோமியம் முதலாளிக்கு இரண்டு முறை செலவு: வாங்கும்போது ஒன்று, சுத்திகரிக்கும்போது ஒன்று. நம் நண்பர்களின் கருவி அந்த இரண்டாவது பில்லில் எவ்வளவு குறைக்கிறது என்று எண்ணில் காட்டினால் கடையில் விலை போகும். "செயற்கை நுண்ணறிவு" என்று முதல் பக்கத்தில் எழுதினால் நடுவர் மட்டும் தலையாட்டுவார்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது

வழிகாட்டி கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் முப்பது பக்க ஸ்லைடு தேவையில்லை. ஒரே தாளில் மூன்று வரி போதும்: யாருக்கு என்ன தொல்லை, இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், உங்கள் கருவி எந்த இடத்தில் நிற்கிறது. "எல்லாம் நல்லாப் போகுது சார்" என்று தொடங்காதீர்கள், அதற்கப்புறம் அவர் பேச ஒன்றும் இருக்காது. சந்திப்பு முடிந்ததும் அவர் சொன்ன மூன்று வேலையைக் குறித்து, அடுத்த தேதியையும் போட்டு, அன்றிரவே அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் சம்பளமில்லாமல் வருகிறார்கள். சொன்னதைச் செய்துவிட்டு வருகிற ஆளுக்குத்தான் மூன்றாவது முறை நேரம் ஒதுக்குவார்கள்.

ஓடுகிற முன்மாதிரியை மட்டும் பளபளவென்று துடைத்து எடுத்துப் போவார்கள் நம் பிள்ளைகள். டிரம்மில் சிக்கி முனை உடைந்ததே, போன மாதக் கம்பி, அதையும் ஒரு பழைய சட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் முதலில் கையை நீட்டிக் கேட்பது அதைத்தான்.